லாயிட் ஜார்ஜும் போர்க்கால இங்கிலாந்தும்

போர்க்களத்தைப் புறமென்றும் மனையற வாழ்வை அகமென்றும் பகுத்துக் காண்பது தமிழர் மரபு. 1914ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் மூண்ட பெரும் யுத்தமோ, இவ்விரண்டிற்கும் இடையே நின்ற சுவரைத் தகர்த்தெறிந்தது. களத்திலே பீரங்கியை இயக்கினவன் போர்வீரன். அப்பீரங்கிக்குக் குண்டு செய்து அனுப்பினவள் அவன் தங்கை. சர்க்கரையை அளந்து செலவிட்டுக் குடும்பத்தைக் காத்தவள் அவன் தாய். இவர்கள் அனைவரையும் ஓர் ஏவலின்கீழ்க் கொணர்ந்தது இராஜாங்கம். இங்கிலாந்தில் இம்மாறுதலைச் செய்து முடித்தவர்களுள் தலைசிறந்தவர் டேவிட் லாயிட் ஜார்ஜ் என்பவர். எளிய குடியில் வளர்ந்து, ஏழைகளுக்காக வாதாடி, ஒரு யுத்தத்தை எதிர்த்துப் பேசிப் புகழ் பெற்ற ஒருவரே, பிறிதொரு யுத்தத்தின் பொருட்டுக் குடிகளின் வாழ்வு முழுவதையும் அரசின் கைக்குள் அடக்கினார் என்பது சிந்திக்கத்தக்கது. அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1863ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17ஆம் நாள் மான்செஸ்டர் நகரிலே பிறந்தார். தந்தையார் வில்லியம் ஜார்ஜ் என்னும் பள்ளி ஆசிரியர். குழந்தைக்கு இரண்டாம் ஆண்டு நடக்கையில் அவர் நோயுற்று இறந்தார். ஆதரவற்ற தாயார், வேல்ஸ் நாட்டில் லானிஸ்டம்டுவி என்னும் சிற்றூரில் வாழ்ந்த தம் உடன்பிறந்தார் ரிச்சர்டு லாயிட் என்பவரிடம் மக்களோடு சென்று சேர்ந்தார். அவர் செருப்புத் தைத்துப் பிழைப்பவர். ஞாயிறுதோறும் ஊதியம் பெறாது பிரசங்கஞ் செய்பவர். தமக்கெனக் குடும்பம் அமைத்துக்கொள்ளாது, தமக்கையின் மக்களையே தம் மக்களாகக் கருதி வளர்த்தார். மருமகன் சட்டப் பரீட்சைக்குப் பிறமொழி கற்கவேண்டியிருந்தபோது, அகராதியையும் இலக்கண நூலையும் துணைக்கொண்டு, தாம் அறியாத பிரெஞ்சு மொழியை அவனோடு கூடவே கற்றார் அம்மாமன். அவர்பாற் கொண்ட நன்றியாலேயே லாயிட் என்னும் பெயர் இவர் பெயரோடு நீங்காது நிலைத்தது.

1884ஆம் ஆண்டில் வழக்கறிஞர் தொழிலுக்குத் தகுதி பெற்ற இவர், 1890ஆம் ஆண்டில் கார்னார்வன் தொகுதியின் சார்பாகப் பாராளுமன்றம் புகுந்தார். அன்று இவருக்கு மிகுதியாகக் கிடைத்த வாக்குகள் 18 மட்டுமே. ஆயினும் அத்தொகுதி 55 ஆண்டுகள் இவரைக் கைவிடவில்லை. 1899ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கியபொழுது, நாடே வெற்றி முழக்கம் செய்ய, இவர் அதனை அநீதியென்று எதிர்த்தார். 1901ஆம் ஆண்டு டிசம்பரில் பர்மிங்காம் நகரமண்டபத்தில் பேசச் சென்றபோது, சினங்கொண்ட கூட்டத்தார் கல்லெறிந்து மண்டபத்தைச் சூழ்ந்தனர். போலீஸ்காரருடைய உடை தரித்தே இவர் உயிர் தப்பவேண்டியதாயிற்று. பலர் வெறுக்கும் கருத்தைப் பேசுவோர்க்கு நேரும் இடுக்கண் இன்னதென்பதை இவர் தம் உடலாலேயே அறிந்தவர் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

1908ஆம் ஆண்டில் நிதிமந்திரியான இவர், எழுபது வயதடைந்த ஏழைகளுக்கு உதவிச் சம்பளம் அளிக்கும் சட்டத்தை நிறைவேற்றினார். 1909ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் செல்வர்மீதும் நிலப்பிரபுக்கள்மீதும் வரி சுமத்தவே, பிரபுக்கள் சபை அதனைத் தள்ளிற்று. இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்து, 1911ஆம் ஆண்டில் அச்சபையின் அதிகாரம் குறைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தொழிலாளர் நோயுற்றகாலத்து உதவும் காப்புறுதிச் சட்டமும் வந்தது. ஏழைகளின்பொருட்டு ஒரு சிறு தொகை பெறுதற்கு இவ்வளவு போராட்டம் வேண்டியிருந்தது.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் யுத்தம் மூண்டது. அமைதிக் காலத்தில் ஆண்டுக்கணக்கில் முடியாதவை ஒரு வாரத்தில் முடிந்தன. பொதுமக்கள் அஞ்சிப் பொன்னாணயத்தைப் பதுக்காவண்ணம், நிதிமந்திரி பாங்கிகளைச் சில நாள் மூடுவித்து, ஒரு பவுன் நோட்டுகளையும் பத்து ஷில்லிங் நோட்டுகளையும் அச்சிட்டு வழங்கினார். ஆகஸ்டு 8ஆம் நாள் தேசப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. பத்திரிகைகளை அடக்கவும், நிலங்களைக் கைப்பற்றவும், குடிகளைச் சிறைப்படுத்தவும் அஃது அரசுக்கு இடந்தந்தது. இலண்டன் வீதிவிளக்குகள் மங்கின. பாராளுமன்றக் கோபுரத்துக் கடிகாரமும் பின்னர் நாவடங்கி நின்றது.

1915ஆம் ஆண்டு மே மாதத்தில், பீரங்கிக் குண்டுகள் போதாமையால் வீரர் வீணே மடிகின்றனர் என்னுஞ் செய்தி நாட்டைக் கலக்கிற்று. கட்சிகள் ஒன்றுகூடி ஆட்சி அமைத்தன. படைக்கலச் சாமான்களுக்கெனப் புதிதாகத் தோன்றிய இலாகாவை லாயிட் ஜார்ஜ் ஏற்றார். சில நாற்காலி மேசைகளோடு தொடங்கிய அவ்விலாகாவில், யுத்த முடிவில் 60,000க்கு மேற்பட்டோர் பணி புரிந்தனர். இவர் பழைய உத்தியோகஸ்தர்களை மட்டும் நம்பாது, வியாபாரத்திலும் ஆலைத்தொழிலிலும் கைதேர்ந்தவர்களை அழைத்து வேலை வாங்கினார். அரசு தானே தொழிற்சாலைகள் கட்டிற்று. தனியார் ஆலைகளின் இலாபத்துக்கு வரம்பு கட்டிற்று. தொழிலாளரும் தளைப்பட்டனர்: வேலைநிறுத்தம் குற்றமாயிற்று, முதலாளியின் விடுதலைச் சீட்டின்றி வேறு ஆலைக்குச் செல்பவன் ஆறு வாரம் வேலையின்றி இருக்கவேண்டியதாயிற்று.

ஆடவர் களஞ்சென்ற இடத்தைப் பெண்டிர் நிரப்பினர். வெடிமருந்தின் நஞ்சால் அவர்தம் தோலும் கேசமும் மஞ்சள் நிறம் அடைந்தன. 1917ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் இலண்டனைச் சார்ந்த சில்வர்டவுனில் வெடிமருந்துச் சாலை வெடித்து 73 பேர் மாண்டனர். கிளாஸ்கோ நகரில் வாடகை உயர்ந்தபோது, வீட்டுப் பெண்கள் ஒருங்கே நின்று அதனைக் கொடுக்க மறுத்தனர்; அதன் பயனாக 1915ஆம் ஆண்டிலேயே வாடகையை உயர்த்தாவண்ணம் சட்டம் பிறந்தது. குடியினால் வேலை கெடுகின்றதென்று மதுக்கடைகளின் நேரமும் குறைக்கப்பட்டது. ஒருவன் தன் நண்பனுக்கு ஒரு குவளை மது வாங்கிக் கொடுப்பதும் பல இடங்களில் குற்றமாயிற்று. 1916ஆம் ஆண்டில் கடிகாரத்தின் முள்ளையும் அரசு ஒரு மணி முன்னே தள்ளிவைத்தது.

இனி, இவர் சரித்திரத்தில் நாம் வருந்தத்தக்க பகுதியும் உண்டு. 1915ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று கிளாஸ்கோவில் தொழிலாளரிடையே பேசச் சென்ற இவரை அவர்கள் கூச்சலிட்டுத் தடுத்தனர். நடந்ததை உள்ளவாறு வெளியிட்ட பத்திரிகையைத் தேசப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு அரசு நிறுத்திவைத்தது. 1916ஆம் ஆண்டில் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்தது. கொலை பாவமென்று மனச்சாட்சியால் ஆயுதமேந்த மறுத்தோர் ஏறக்குறைய 16,000 பேர். அவர்களுள் பலர் சிறை புகுந்தனர். யுத்தமந்திரியாயிருந்த லாயிட் ஜார்ஜ் அவர்கள்பால் இரக்கங் காட்டினாரல்லர். பர்மிங்காமில் கல்லெறியுண்டவர், தம்மைப்போன்ற சிறுபான்மையோர் துன்புறுகையில் அன்றைய நாளை மறந்தார்போலும்!

1916ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் இவர் பிரதம மந்திரியானார். இருபதின்மேற்பட்டோர் கூடிப் பேசிய மந்திரிசபைக்கு மாறாக, ஐவர் கொண்ட யுத்தசபையை அமைத்தார். முடிவுகளைக் குறித்துவைத்து நிறைவேற்றுவிக்கச் செயலகம் ஒன்று ஏற்பட்டது. அதற்குமுன் மந்திரிசபையின் நடவடிக்கைகளுக்கு ஒழுங்கான குறிப்பே இல்லை. உணவு, கப்பல், தொழில், உதவிச் சம்பளம் ஆகியவற்றுக்கெனத் தனித்தனி இலாகாக்கள் தோன்றின. 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் 8 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை ஆழ்த்தின. வணிகக் கப்பல்களைப் போர்க்கப்பல்கள் காத்துச் செல்லும் முறை அதன்பின்னரே வந்தது. புல்வெளிகள் உழப்பட்டன. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் பெண்கள் கடைவாயிலில் பன்னெடு நேரம் வரிசையாய் நின்றனர். 1918ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சர்க்கரைக்கும், பின்னர் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் பங்கீட்டுச் சீட்டு வழங்கப்பட்டது. வாரத்துக்கு அரை இராத்தல் சர்க்கரை என்பது செல்வர்க்கும் வறியர்க்கும் ஒன்றாயிற்று. பவுனுக்கு 1 ஷில்லிங் 2 பென்ஸாயிருந்த வருமான வரி 6 ஷில்லிங் ஆயிற்று.

யுத்தம் எடுத்துக்கொண்டது மிகுதி. 7 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர் திரும்பவில்லை. அது கொடுத்ததும் உண்டு. 1918ஆம் ஆண்டில் 21 வயதடைந்த ஆடவர்க்கும், முப்பது வயதடைந்த பெண்களுள் பெரும்பாலோர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. மனச்சாட்சியால் போரை மறுத்தவர்க்கோ அவ்வுரிமை ஐந்தாண்டு மறுக்கப்பட்டது. பிள்ளைகள் 14 வயதுவரை பள்ளியிற் பயிலச் சட்டம் வந்தது. வீரர்க்கு வீடுகள் கட்டித்தருவதாக வாக்களித்து, 1919ஆம் ஆண்டில் 5 இலட்சம் வீடுகளுக்குத் திட்டம் வகுத்தனர். கட்டியது அதிற் பாதியும் இல்லை. 1922ஆம் ஆண்டில் சிக்கனம் என்னும் கோடரி கல்விச் செலவையும் வெட்டிற்று.

நம் நாட்டிலும் இதன் எதிரொலி கேட்டது. 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து அப்போரிற் பணி புரிந்தனர். அதற்கு ஈடாகத் தளர்வு எதிர்பார்த்த மக்களுக்கு, 1915ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்து அடக்குமுறைகளை அமைதிக் காலத்தும் நீட்டிக்கும் ரௌலட் சட்டமே 1919ஆம் ஆண்டில் கிடைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஜாலியன்வாலாபாக்கில் இரத்தம் சிந்தியபோது, பிரிட்டிஷ் பிரதமராயிருந்தவர் இவரே.

1922ஆம் ஆண்டு அக்டோபரில் பதவி இழந்த இவர், மீண்டும் அதனைப் பெறவில்லை. 1936ஆம் ஆண்டில் ஹிட்லரைக் கண்டு அவனைத் தவறாக மதித்ததும் இவர் புகழுக்கு மாசாயிற்று. 1945ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள், இரண்டாம் பெரும் யுத்தம் முடியுந் தறுவாயில், வளர்ந்த சிற்றூரிலேயே உயிர் நீத்தார். அங்கே டுவைபோர் ஆற்றங்கரையில், தாம் விரும்பி அமர்ந்த பாறையின்கீழ் அடக்கம் செய்யப்பட்டார்.

இப்பெரியாருடைய சரித்திரம் நமக்கு இரண்டு படிப்பினைகளைத் தருகின்றது. குண்டு வார்க்கப் பொருளும் ஆளும் சில திங்களில் திரட்டக்கூடிய அரசு, வீடும் கல்வியும் தருவதற்குப் பொருளில்லை என்பது மனமின்மையே யன்றி வலியின்மையன்று. மற்றொன்று, இடுக்கண் வந்தபோது அரசின் கையிற் கொடுத்த வாளை, இடுக்கண் நீங்கியபின் உறையிலிடச் செய்வது குடிகளின் கடமை. சில வாட்கள் தாமே உறைக்குத் திரும்புவதில்லை: யுத்தத்துக்காகக் குறைக்கப்பட்ட மதுக்கடை நேரத்தின் தடைகளுள் சில இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுவரை நீடித்தன. மதுக்கடை சிறு பொருள்; மனச்சாட்சியின் உரிமை அத்தகையதன்று. கல்வி கற்கும் நாம் இவ்வேற்றுமையை உணர்ந்து விழித்திருப்போமாக.