பேராயர் அரிபெர்த்தோ

இத்தாலி நாட்டின் வடபகுதியில், போ ஆறு பாயும் லொம்பார்டிச் சமவெளியின் தலைமை நகரம் மிலான். பதினோராம் நூற்றாண்டில் அந்நகரப் பேராயர் சமயத் தலைவர் மட்டும் அல்லர். பரந்த நிலங்களுக்கும் கோட்டைகளுக்கும் உரியவராய், ஒரு சிற்றரசரைப் போலவே விளங்கினார். 1018ஆம் ஆண்டில் அப்பதவியை ஏற்றவர், இந்திமியானோ குடியினரான அரிபெர்த்தோ.

1024இல் பேரரசர் இரண்டாம் ஹென்றி மகப்பேறின்றி மாண்டார். இத்தாலியப் பிரபுக்கள் சிலர் பிரெஞ்சு நாட்டிலே தமக்கோர் அரசரைத் தேடினர். அரிபெர்த்தோவோ ஆல்ப்ஸ் மலையைக் கடந்து கான்ஸ்டன்ஸ் நகரை அடைந்து, ஜெர்மானிய மன்னர் இரண்டாம் கான்ராடைக் கண்டு, இத்தாலியின் முடியை ஏற்குமாறு வேண்டினார். 1026இல் தம் கையாலேயே அவருக்கு முடிசூட்டினார். அன்று முதல் அவரது செல்வாக்கு வளர்பிறையென வளர்ந்தது.

செல்வாக்கோடு செருக்கும் வளர்ந்தது. பேராயரிடமும் பெரும்பிரபுக்களிடமும் நிலம் பெற்று, அதற்கு ஈடாகப் போர்ப்பணி புரிந்த சிறுபிரபுக்கள் பலர் இருந்தனர். அந்நிலம் தம் மக்களுக்குச் சேரும் என்னும் உறுதி அவர்களுக்கு இல்லை. 1035இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் குறையைப் பேராயர் பொருட்படுத்தினாரல்லர். அஃது அவரது பெரும்பிழையே ஆகும்.

1037இல் பேரரசர் கான்ராடு பாவியா நகரில் அவை கூட்டி வழக்கைக் கேட்டார். திருச்சபையின் உடைமையில் ஒரு சிறிதும் விட்டுக்கொடேன் என நின்ற அரிபெர்த்தோ, தாம் முடிசூட்டிய மன்னராலேயே சிறைப்படுத்தப்பட்டார். ஆயினும் அவர் காவலினின்றும் தப்பி மிலானை அடைந்தார். ஒரு துறவி அவரது படுக்கையில் அவருக்குப் பதிலாகப் படுத்துக் காவலரை ஏமாற்றினார் என்பர். நகர மக்கள் பேராயரை ஆரவாரத்துடன் வரவேற்றனர். பேரரசரின் படை மதிலைச் சூழ்ந்தது; எனினும் நகரம் பணியவில்லை. முற்றுகையின்போதே, மே 28ஆம் நாள், கான்ராடு ஒரு சட்டம் பிறப்பித்தார். சிறுபிரபுக்களின் நிலம் வழிவழியாக அவர்தம் மக்களைச் சேரும் என்றும், ஒத்த நிலையினர் கூடித் தீர்ப்பளித்தாலன்றி அதனைப் பறித்தலாகாது என்றும் அச்சட்டம் வகுத்தது. பேராயர் மறுத்த நீதியைப் பேரரசர் வழங்கிவிட்டார்!

1039இல் மீண்டும் போர் மூளும் நிலை தோன்றியது. உழவர் முதல் வீரர் வரை, ஏழையர் முதல் செல்வர் வரை, அனைவரையும் படைக்கலம் ஏந்துமாறு அரிபெர்த்தோ அழைத்தார். போர் பழகாத அம்மக்கள் களத்தில் சிதறாதிருத்தற்பொருட்டு எருதுகள் இழுக்கும் பெருவண்டி ஒன்றை அமைத்தார். நெடிய மரத்தண்டில் சிலுவையும் கொடியும் அதன்மேல் விளங்கின. கரோச்சோ எனப்பட்ட அவ்வண்டியைப் பின்னாளில் வேறு பல நகரங்களும் மேற்கொண்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பேரரசர் இறக்கவே, போர் நிகழவில்லை.

ஆனால், படைக்கலம் ஏந்தப் பழகிய கைகள் ஓய்ந்திருக்கவில்லை. 1042இல் பொதுமக்கள் பிரபுக்களை எதிர்த்தெழுந்தனர். பிரபுக்குலத்தவரான லன்சோனே என்பவரே அவர்களுக்குத் தலைமை தாங்கினார். பிரபுக்கள் நகரை விட்டு வெளியேறினர், பேராயரும் வெளியேறினார். முன்பு அவரை வரவேற்ற வாயில்கள் அடைபட்டன. வெளியேறிய பிரபுக்கள் நகரை முற்றுகையிட, உள்ளே பசி வாட்டியது. 1044இல்தான் உடன்பாடு ஏற்பட்டது.

1045 ஜனவரித் திங்களில் அரிபெர்த்தோ காலமானார். அவர் வழங்கிய செப்புச் சிலுவை ஒன்று இன்றும் மிலானில் உள்ளது. அதன் அடியில், கையில் சிறு கோயிலுருவை ஏந்தி நிற்கும் அவரது உருவத்தைக் காணலாம்.