காற்றின் ஈரத்தை அளந்த கேரியர்

திருவண்ணாமலையை அடுத்துள்ளது வேங்கிக்கால் என்னும் ஊர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள இவ்வூரில், ஐப்பசி கார்த்திகைத் திங்களில் அடைமழை பெய்யுங்கால், இல்லந்தோறும் ஒரு காட்சியைக் காணலாம். கொடியில் உலர்த்திய துணி எளிதில் காய்வதில்லை. சாடியிலுள்ள உப்புக் கசிகிறது; அப்பளம் நமத்துப் போகிறது; பெட்டியில் வைத்த புத்தகம் பூசணம் பூக்கிறது. மழைநீர் ஒரு துளியும் வீட்டினுள் புகவில்லை. ஆயினும் ஈரம் புகுந்துவிட்டது. அதனைக் கொணர்ந்தது காற்றே. கண்ணுக்குப் புலனாகாத நீரைக் காற்றுத் தன்னுள் சுமந்து திரிகிறது. அந்நீரைக் கணக்கிட்டு, வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் வழிகண்ட பேரறிஞர் வில்லிஸ் ஹாவிலண்ட் கேரியர் ஆவார்.

கேரியர் 1876ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள், அமெரிக்க நாட்டில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த அங்கோலா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் உழவர். பெற்றோர்க்கு ஒரே மகவாகிய கேரியர்க்கு அன்னையே முதல் ஆசிரியர். கடிகாரம், தையற்பொறி முதலியவற்றைத் தம் கையாலேயே பழுதுபார்க்கும் திறம் வாய்ந்தவர் அவ்வம்மையார். பின்னக் கணக்கு விளங்காமல் மகன் மயங்கியபோது, ஆப்பிள் பழங்களைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் அரிந்து காட்டி அவர் விளக்கினார். சிக்கலைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து ஆராயும் பழக்கம் அன்றே அச்சிறுவர் உள்ளத்தில் வேரூன்றியது. ஆனால் அவர்க்குப் பதினொரு வயதானபோது அன்னையார் இறந்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்லூரி செல்லப் பொருளில்லை. கேரியர் மனந்தளரவில்லை. சில காலம் பள்ளியாசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். புல்வெளி திருத்துதல், உலையில் கரியிடுதல் போன்ற பணிகளைச் செய்து உணவுக்கும் உறையுளுக்கும் வழிதேடிக்கொண்டார். 1901ஆம் ஆண்டில் பொறியியற் பட்டம் பெற்று, பஃபலோ நகரிலிருந்த பொறித்தொழிற் குழுமம் ஒன்றில் வாரத்திற்குப் பத்து டாலர் ஊதியத்தில் அமர்ந்தார்.

அடுத்த ஆண்டே அவர் ஆற்றலுக்கு ஒரு சோதனை வாய்த்தது. புரூக்ளின் நகரில் வண்ணப்படம் அச்சிடும் அச்சகம் ஒன்று இருந்தது. வண்ண அச்சில் ஒரே தாளின்மீது ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியே பதிக்கப்பெறும். ஈரக்காற்றுப் பட்டால் தாள் விரியும். வறண்ட காற்றில் சுருங்கும். ஆதலின் முதல் வண்ணம் பதிந்த இடத்தில் இரண்டாம் வண்ணம் பொருந்தாமல் விலகிற்று, படங்கள் பாழாயின. நம் நாட்டில் சிவகாசி அச்சுத்தொழிலிற் சிறந்து விளங்குவதற்கு அவ்வூரின் வறண்ட காற்றும் ஒரு காரணமாகும். புரூக்ளினுக்கு அப்பேறு இல்லை. அக்குறையைத் தீர்க்கும் பொறுப்புக் கேரியரிடம் ஒப்படைக்கப்பெற்றது.

கேரியர் சிந்திக்கலானார். குளிர்ந்த நீர் நிறைந்த குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளி அரும்புதலை நாம் அறிவோம். குவளை கசிவதில்லை, குவளையைத் தீண்டிய காற்றுக் குளிர்ந்து, தான் சுமந்த நீரைத் தாங்கமாட்டாமல் இறக்கிவைக்கிறது. சூடான காற்று மிகுதியான நீரைத் தாங்கும். குளிர்ந்த காற்று அவ்வளவு தாங்காது. இவ்வுண்மையையே கேரியர் கருவியாகக் கொண்டார். குளிர்ந்த நீரோடும் குழாய்ச் சுருள்களின்மீது காற்றைச் செலுத்தினால், மிகையான ஈரம் துளித்து வடிந்துவிடும் எனக் கணித்தார். காற்றுத் தாங்கக்கூடிய நீரை 100 பங்காகக் கொண்டால், அச்சகத்தில் என்றும் 55 பங்கே நிலவவேண்டும் என்பது இலக்கு. அதற்குரிய வரைபடங்களை 1902ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் முடித்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்தைந்து.

அத்துடன் அவர் நிறைவுகொள்ளவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஒருநாள் பிட்ஸ்பர்க் நகரப் புகைவண்டி நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தார். எங்கும் மூடுபனி சூழ்ந்திருந்தது. மற்றவர்க்கு அது வழியை மறைக்கும் திரை. கேரியர்க்கோ வழியைக் காட்டும் விளக்காயிற்று. மூடுபனி என்பது நீரால் முற்றும் நிறைந்த காற்று. அதன் வெப்பநிலையை நாம் வரையறுத்தால், அதிலுள்ள நீரின் அளவையும் வரையறுத்தவராவோம். எனவே குளிர்ந்த நீரைத் துவலையாகத் தூவி, அதனூடே காற்றைச் செலுத்தி, செயற்கையாக மூடுபனியை உண்டாக்கலாம் என அவர் கண்டார். நீரைக் கொண்டே காற்றை உலர்த்துதல் கேட்போர்க்கு வியப்பாகத் தோன்றும். ஆயினும் துவலை போதிய குளிர்ச்சியுடன் இருந்தால், காற்றின் ஈரம் அதன்மேற் படிந்து நீங்கும் என்பதே உண்மை. இக்கருவிக்கு 1906ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. வறண்ட காற்றில் நூல் அறுந்து இடர்ப்பட்ட பஞ்சாலைகளுக்கு ஈரம் ஊட்டவும் அவரது முறை பயன்பட்டது.

வெப்பம், ஈரம் ஆகிய இரண்டிற்குமுள்ள தொடர்பைக் கேரியர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1911ஆம் ஆண்டில் அமெரிக்க இயந்திரப் பொறியியலார் கழகத்தின் முன் தம் கணித வாய்பாடுகளை வெளியிட்டார். இத்துறையில் உழைப்போர்க்கு அவை அடிப்படையாயின.

புகழ் வளர்ந்த வேளையில் இடுக்கண் வந்தது. முதல் உலகப்போர் மூண்ட 1914ஆம் ஆண்டில், அவர் பணிபுரிந்த குழுமம் இத்துறையைக் கைவிடத் துணிந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு வீணாகும் நிலை. கேரியரும் அவருடைய தோழர் அறுவரும் கலங்கவில்லை. 32,600 டாலரை முதலாகத் திரட்டி, 1915ஆம் ஆண்டில் சொந்தமாகத் தொழில் தொடங்கினர். 1922ஆம் ஆண்டில் பெரிய கட்டடங்களையும் குளிர்விக்கவல்ல புதுவகைப் பொறியைக் கேரியர் படைத்தார். 1925ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ரிவோலி திரையரங்கில் மக்கள் அதன் பயனை நேரில் துய்த்தனர். தாளுக்காகவும் நூலுக்காகவும் பிறந்த கலை மக்களுக்கும் உரியதாயிற்று. 1950ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7ஆம் நாள் கேரியர் மறைந்தார்.

இன்று ஒரு வீடு முழுவதன் ஈரத்தையும் நீக்கும் பொறிகள் உள்ளன. அப்பொறி வீட்டுக் காற்றை உள்ளிழுத்துக் குளிர்ந்த சுருளின்மீது செலுத்தும். ஈரம் துளியாகி வடியும். உலர்ந்த காற்று மீண்டும் அறைகளுக்குச் செல்லும். ஈரப்பதம் 60 விழுக்காட்டை மிஞ்சாமற் காத்தால் பூசணம் பெருகுவதில்லை. எனினும் இப்பொறிகள் மின்னாற்றலை மிகுதியாக உண்பவை. ஆதலால் கூரையின் ஒழுக்கை அடைத்தல், சமையலறை ஆவியை வெளியேற்றுதல், வெயில் நாளில் சாளரங்களைத் திறந்துவைத்தல் ஆகியவற்றை முதலிற் செய்தல் அறிவுடைமையாகும்.

நம் முன்னோர் விதையை அடுப்பின் மேலுள்ள பரணில் வைத்துக் காத்தனர். ஈரத்தின் தீங்கை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதனைக் கணக்கால் அறிந்தவர் கேரியர். மூடுபனியைக் கண்டோர் எண்ணற்றவர். அதனுள் ஒரு விதியைக் கண்டவர் அவர். கண்முன் நிகழும் எளிய நிகழ்ச்சியையும் ஏன் எனக் கேட்டு ஆராய்தலே அறிவு வளரும் வழி என்பதனை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.