முதுமைக்குக் காத்திராத மருத்துவர்

நெல்லைச் சீமையின் பத்தமடையில் 8.9.1887 அன்று பிறந்த குப்புசாமி, மருத்துவராகி 1913இல் நம் மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூர் பாருவிலுமாகப் பத்தாண்டுகள் பணியாற்றினார். கை நிறைய ஊதியம், ஊரார் மதிப்பு. ஆயினும், மனிதர்தம் துன்பத்தை அன்றாடம் கண்ட உள்ளம் நிலையான இன்பத்தை நாடிற்று.

நாற்பதை எட்டுமுன்னரே, 1923இல் அனைத்தையும் துறந்து பாரதம் திரும்பினார். 1.6.1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தரானார். 1927இல் தம் காப்புறுதிப் பணத்தைக் கொண்டு லட்சுமண் ஜூலாவில் ஏழைகட்கும் சாதுக்களுக்கும் இலவச மருந்தகம் நடத்தினார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். 14.7.1963இல் மகாசமாதி எய்தினார்.

பிள்ளைகள் கரைசேர்ந்த பின் இறைவனை நாடலாம் என நாம் நாள் கடத்துகிறோம், வயதோ காத்திருப்பதில்லை. தாசேக் கெலுகோர் திருவிழாவில் கைகூப்பும் அன்பர்களே, நம் வேண்டுதல்களை ஒருகணம் நிறுத்தி, அவன் திருவுளம் யாதெனக் கேட்போமாக!