கிங் டப்பி

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமெய்க்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் 1941-ஆம் ஆண்டு பிறந்த ஆஸ்பர்ன் ரட்டக் என்பார் வாத்தியம் வாசித்துப் புகழ் பெற்றவரல்லர். பழுதுற்ற வானொலிப் பெட்டிகளைச் செப்பனிடுவதே அவர் தொழில். எனினும், இன்று மின்னணுக் கருவிகளால் இசையமைப்போர் மந்தர ஒலிக்கு முதலிடம் அளிப்பதற்கு வழிகாட்டியவருள் தலையாயவர் இவரே. கிங் டப்பி என்பது உலகம் வழங்கிய பெயர்.

அந்நாளில் கிங்ஸ்டன் மக்கள் திறந்த வெளிகளிற் கூடிப் பெரும் ஒலிபெருக்கிகளின் வாயிலாக இசைத்தட்டுக்களைக் கேட்டு ஆடுவது வழக்கம். ரட்டக்கும் தாமே அமைத்த கருவிகளோடு அத்தகைய அரங்கொன்றை நடத்தினார். ட்யூக் ரீட் என்னும் இசைத்தட்டு வெளியீட்டாளரிடம் தட்டு வெட்டும் பணியாற்றுகையில், பாடகரின் குரலை நீக்கியபின் எஞ்சும் தாளமும் மந்தர ஒலியுமே தனி இன்பம் பயத்தலைக் கண்டார்.

1970களின் தொடக்கத்தில், வேறொரு பதிவு நிலையத்தினின்று ஒலிகளைக் கலக்கும் பலகையொன்றை வாங்கி, வாட்டர்ஹவுஸ் பகுதியில் தம் வீட்டிலேயே பதிவறை அமைத்தார். குளியலறையே பாடகர் நிற்கும் இடமாயிற்று! ஒலித் தடங்களோ நான்கே. முரசும் பாஸ் கிதாரும் இடையறாது செல்ல, ஏனையவற்றை அடக்கிவிடுவார். பாட்டின் ஒரு சொல்லைக் கணப்பொழுது திறந்து எதிரொலியில் அலையவிடுவார். பலகையிலிருந்த பெரிய திருகொன்று தாழ்ந்த ஒலிகளைப் படிப்படியாக வடிகட்ட வல்லது. அதனைத் திருப்ப இசை மெலியும். பழையபடி விடவே, மந்தர ஒலி முன்னினும் கனத்துத் திரும்பியதாகச் செவிக்குத் தோன்றும். அளவைக் கூட்டாமலே வலிமை கூட்டிய நுட்பம் இது.

பிறர் வாசித்ததை வெட்டிப் பெயரெடுத்தார் என்பாரும் உளர். வாசித்தோர் பெரும்பாலும் பாட்டுக்கு இவ்வளவென ஒருமுறைக் கூலியே பெற்றனர், இக்குறை மெய்யே. ஆயினும், குரலின் நிழலில் மறைந்திருந்த அவர்தம் வாசிப்பை வெளிக்கொணர்ந்ததும் அவ்வெட்டே யன்றோ?

1985-இல் இவர் மாணவராகிய ஜாமி, காஸியோ என்னும் சிறு மின்னணுப் பெட்டியில் முன்னரே பொதிந்திருந்த மந்தர வரிசையைக் கொண்டு பாட்டொன்று வெளியிட்டார். பாஸ் கிதாரும் இல்லை, வாசிப்பவரும் இல்லை. ஊரே அதனைப் பின்பற்றியது. ஆசிரியர் ஊடவில்லை, அவ்வாண்டே 'டெம்போ' என்னும் பாட்டினைத் தாமும் அம்முறையில் அமைத்தளித்தார்.

1989 பிப்ரவரி 6-ஆம் நாள், தம் வீட்டின் புறத்தே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் அகப்படவில்லை.