கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்து, தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சுனாபட்டி ஆகிய இடங்களில் குடியமர்ந்த தமிழ் மக்களுள் நெல்லைச் சீமையையும் நாஞ்சில் நாட்டையும் தாயகமாகக் கொண்டோர் மிகப் பலர். அந்நாஞ்சில் நாடு தமிழகத்திற்கு ஈந்த செல்வங்களுள் ஒருவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அவர்கள். இன்றைய நம் பிள்ளைகள் அவரைப் பழைய படங்களில் தோன்றும் ஒரு விகட நடிகராக மட்டுமே அறிந்திருக்கக் காண்கிறோம். சிரிப்பை அவர் எதற்குக் கருவியாக்கினார், துன்பம் வந்தபோது அதனை எவ்வாறு காத்துக்கொண்டார் என்பதை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறோம்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் கிருஷ்ணன். வறுமையின் காரணமாக அவருடைய பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், விற்ற நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் மேடையையே நோக்கி நின்றான். ஊர்க் கோயில் கொடைகளில் இரவெல்லாம் ஒலிக்கும் வில்லுப்பாட்டு அவனுக்கு இரண்டாவது பள்ளிக்கூடமாயிற்று. பின்னர், 1925-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் தொடங்கிய நாடகக் கம்பெனியில் சேர்ந்து, நடிப்பையும் பாட்டையும் முறையாகப் பயின்றார்.

பேசும் படம் தமிழில் தோன்றிய அந்நாளில், தமிழ்ப் படங்கள் பலவும் பம்பாய், பூனா, கல்கத்தா முதலிய நகரங்களின் ஸ்டூடியோக்களிலேயே உருவாயின. டி. கே. எஸ். குழுவினர் நடித்த 'மேனகா'வும் இப்பம்பாய் நகரின் ரஞ்சித் ஸ்டூடியோவில் எடுக்கப்பெற்று 1935-இல் வெளிவந்தது. கிருஷ்ணனைத் திரையில் மக்கள் கண்ட முதற்படம் அதுவே. நாம் வாழும் இந்நகரிலே அவருடைய திரை வாழ்வு அரும்பியது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்றோ! அடுத்த ஆண்டில் 'சதி லீலாவதி' வந்தது. எம். ஜி. ராமச்சந்திரனுக்கும் அதுவே முதற்படம். பூனாவில் 'வசந்தசேனா' எடுக்கப்பட்ட காலத்தில் டி. ஏ. மதுரம் அம்மையாரைச் சந்தித்தார். அச்சந்திப்பு திருமணமாக மலர்ந்தது; திரையிலும் அவ்விருவரும் இணைபிரியாத ஜோடியாயினர்.

அடி, உதை, அங்க சேஷ்டை ஆகியவற்றையே ஹாஸ்யம் எனக் கருதிய காலம் அது. கிருஷ்ணனோ பிறர் மனம் புண்படாமல் சிரிக்கச் செய்வதையே தம் வழியாகக் கொண்டார். மூடப் பழக்கத்தையும், குடியையும், சாதிச் செருக்கையும் நகைப்புக்கு உள்ளாக்கினார். அவற்றில் சிக்கிய மனிதரை ஏளனம் செய்யவில்லை. தமக்கென ஒரு குழுவை வைத்துக்கொண்டு, நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துப் படமெடுத்துத் தருவதும் அவர் வழக்கமாயிற்று. 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'ஹரிதாஸ்' ஆகியவை அக்காலத்தில் அவருக்குப் புகழ் சேர்த்த படங்கள்.

புகழின் உச்சியில் இருந்தபோதுதான் இடி விழுந்தது. 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் கொலையுண்டார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் அவ்வாண்டு டிசம்பரில் கைதாயினர். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று. விதியின் விளையாட்டை என்னென்பது! தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. திரையில் அவர்களைக் கண்டு மக்கள் மகிழ, அவர்களோ சிறையில் வாடினர். வெளியே மதுரம் அம்மையார் மனந்தளராது வழக்கையும் நாடகக் குழுவையும் காத்தார், எஸ். வி. சகஸ்ரநாமம் உற்ற துணையாய் நின்றார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர்.

சிறை மீண்ட பாகவதருக்குப் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. கிருஷ்ணனோ, இழந்த காலத்திற்கும் சேர்த்து உழைப்பவர்போல் எழுந்தார். கசப்பைச் சுமந்து திரியவில்லை, யாரையும் பழித்துரைக்கவுமில்லை. அவ்வாண்டிலேயே 'கலைவாணர்' என்ற பட்டமும் அவரை வந்தடைந்தது. 1949-இல், அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதிய 'நல்லதம்பி'யில் கதாநாயகராகவே நடித்து மதுவிலக்கைப் பிரசாரம் செய்தார். பின்னர் 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களை இயக்கினார். 1951-இல் சோவியத் நாட்டிற்கும் சென்று வந்தார். கோயில் கொடையில் கேட்டு வளர்ந்த வில்லுப்பாட்டில் காந்தியடிகளின் சரிதத்தை இசைத்து, அக்கலைக்கும் புத்துயிர் ஊட்டினார்.

'நல்லதம்பி'யில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபத்தை இங்கு சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும். நந்தனார் சிதம்பரம் செல்ல ஏங்கினார். கிந்தனோ சென்னை சென்று படிக்க ஏங்குகிறான். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அச்சிறுவன் இடர்களைக் கடந்து கற்று, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். அவனைப் பட்டணம் சேர்ப்பது ரயில்வண்டி. எல்லாச் சாதியாரையும் ஒரே பலகையில் அருகருகே அமரச் செய்யும் வண்டி என அதனைக் கலைவாணர் போற்றிப் பாடுகிறார். ரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்கு அப்பாட்டைக் கேட்குந்தோறும் நெஞ்சு நிமிர்கிறது. நாள்தோறும் நாம் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டில் ஊரும் கட்டணமும் உண்டு, சாதி இல்லை. நம்மில் பலருடைய தந்தையரையும் பாட்டனாரையும் ஊரின் கட்டுகளிலிருந்து மீட்டு இந்நகரில் இறக்கிவிட்டதும் அவ்வண்டியே அல்லவா?

ஈட்டிய பொருளைக் கலைவாணர் சேர்த்து வைக்கவில்லை. நாடி வந்தோர்க்கு இல்லையென்னாது வழங்கினார். தாம் நொடிந்த நாளிலும் அவ்வழக்கம் மாறவில்லை. 1956-இல் வெளிவந்த 'ராஜா ராணி'யில் சிரிப்பின் வகைகளைச் சிரித்துக் காட்டிப் பாடினார். மறு ஆண்டு, 1957 ஆகஸ்ட் 30-ஆம் நாள், ஐம்பது வயதையும் எட்டாமல் சென்னையில் மறைந்தார். கண்ணீரோடு கூடிய மக்களுள் அவருடைய கையால் பெற்றவர் எத்தனை பேரோ!

1969 ஜனவரி 14-ஆம் நாள் சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். நோயுற்றிருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே. சென்னையில் அவர் பெயரால் கலைவாணர் அரங்கமும் விளங்குகிறது. 2020-இல் கொரோனா தொற்றின் காரணமாகத் தமிழகச் சட்டமன்றம் அவ்வரங்கில் கூட நேர்ந்தது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு, கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவனின் பெயர் தாங்கிய கூரையின் கீழ் நாட்டின் சட்டங்கள் இயற்றப்பட்டன.

நம் காலனித் தாய்மார்களே, தந்தையரே! வருவாய் குறைவென்று கருதிப் பிள்ளைகளின் படிப்பை இடையில் நிறுத்தாதீர். தமக்குக் கிட்டாத கல்வியைப் பிறர் பிள்ளைகளுக்காக மேடைதோறும் யாசித்தவர் கலைவாணர். கிந்தன் ஏறிய வண்டியில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. ஏற்றிவிடுவது நம் கடமை.

வாழ்க கலைவாணர் புகழ்! வளர்க தமிழ்!