காற்றை அழுத்தித் தீ மூட்டியவர்

நான் படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தபோது, என் தாய்மாமா தமது பெட்ரோல் பிக்-அப் வண்டிக்கு டீசல் இயந்திரம் பொருத்த முடிவு செய்தார். காய்கறி மூட்டைகளோடு பாலிக் பூலாவ் மலைப்பாதையில் ஏறும்போது வண்டி திணறியது. எண்ணெய்ச் செலவு வருமானத்தில் பெரும்பகுதியைத் தின்றது. சேமிப்பு முழுவதையும் போட்டு ஒரு பழைய ஜப்பானிய டீசல் இயந்திரத்தை வாங்கினார். வேலை சரிவராவிட்டால் பணமும் போய்விடும், பிழைப்பும் நின்றுவிடும் என்று வீட்டில் எல்லாருக்கும் பயம்.

ஜெலுத்தோங்கில் இருந்த பட்டறைக்கு நானும் உதவிக்குப் போனேன். இயந்திரத்தை ஏன் மாற்ற வேண்டும், பெட்ரோலுக்குப் பதிலாக டீசலை ஊற்றினால் போதாதா என்று கேட்டேன். மாமா ஒரு சைக்கிள் பம்பைக் கொடுத்து, அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அழுத்தச் சொன்னார். சற்று நேரத்தில் பம்பின் அடிப்பகுதி சுட்டது. டீசல் இயந்திரத்தின் இரகசியம் அவ்வளவுதான் என்றார்.

பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அழுத்தி, தீப்பொறியால் பற்ற வைக்கிறார்கள். டீசல் இயந்திரத்தில் தீப்பொறியே கிடையாது. காற்றை மட்டும் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நெருக்குகிறார்கள். அது 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதில் பீய்ச்சப்படும் எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க இரும்பு கனமாக இருக்க வேண்டும். அதனால்தான் இயந்திரத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று அன்று இரவு தேடிப் படித்தேன். ருடோல்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18இல் பாரிஸில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குப் போனது. பன்னிரண்டு வயதுச் சிறுவனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். அவன் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். அவரோ உபகாரச் சம்பளம் பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். டைபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வு தள்ளிப்போனது. 1880இல் தேர்வெழுதி மிகச் சிறந்த மதிப்பெண்களோடு தேறினார்.

அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர் குளிர்பதன இயந்திரத்துக்குப் பேர்போன கார்ல் வான் லிண்டே. எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் நீராவி இயந்திரம் வேலையாக மாற்றுகிறது என்று வகுப்பில் கேட்டது டீசலின் மனத்தை விட்டு அகலவில்லை.

இந்த இடத்தில் நம் பினாங்கும் கதைக்குள் வருகிறது. தென்கிழக்காசிய மக்கள் பழங்காலத்தில் தீக்குழல் என்ற சிறு கருவியால் நெருப்பு உண்டாக்கினார்கள். மூடிய குழலுக்குள் தண்டைச் சட்டென்று அழுத்தினால், உள்ளே இருக்கும் பஞ்சு பற்றிக்கொள்ளும். லிண்டே பினாங்கில் பெற்ற தீக்குழலை மியூனிக்கில் செய்து காட்டியபோதுதான் டீசலுக்கு யோசனை பிறந்தது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக்ஸ்பர்க் பள்ளியிலேயே அத்தகைய கருவியைப் பார்த்திருந்தார் என்பது இன்னொரு கதை.

1893 ஆகஸ்டு 10இல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தது. அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. ஆனாலும் காற்றை அழுத்தித் தீ மூட்ட முடியும் என்பது தெரிந்துவிட்டது. இன்னும் நான்கு ஆண்டுகள் உழைத்தார். 1897இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது, எரிபொருளின் ஆற்றலில் 26.2 விழுக்காட்டை அந்த இயந்திரம் வேலையாக மாற்றியது.

புகழும் பணமும் வந்தன. வழக்குகளும் தவறான முதலீடுகளும் உடல்நலக் குறைவும் சேர்ந்தே வந்தன. 1913 செப்டம்பர் 29 இரவு, பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர் காலையில் அறையில் இல்லை. சில நாள்களுக்குப் பின் கடலில் கிடைத்த உடலின் சட்டைப்பையில் இருந்த பொருள்களை அவருடைய மகன் அடையாளம் காட்டினார். வங்கிக் கணக்கில் ஏறத்தாழ எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அவர் எப்படி இறந்தார் என்பது இன்றுவரை விவாதமாகவே இருக்கிறது.

தம் இயந்திரம் சாலையில் ஓடும் வண்டிகளைப் பெருமளவில் இழுப்பதை அவர் பார்க்கவில்லை. அவர் காலத்தில் எரிபொருளைப் பீய்ச்சப் பெரிய காற்றழுத்தி தேவைப்பட்டது. டீசல் லாரிகள் 1920களில்தான் விற்பனைக்கு வந்தன. 1927இல் போஷ் நிறுவனம் எரிபொருள் பம்புகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே அவை பெருகின.

மாமாவின் வண்டி முதல் நாள் கிளம்பவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தேடியதில் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருந்தது தெரிந்தது. அதை வெளியேற்றிச் சாவியைத் திருப்பினோம். தடதடவென்ற சத்தத்தில் பட்டறையே அதிர்ந்தது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் கிடைத்த பிறகு, அதே மூட்டைகளோடு பாலிக் பூலாவ் ஏறினோம்.

மாணவர்களே, 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் கடலை எண்ணெயில் ஓடியது. இன்று நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள் கலக்கப்படுகிறது. வகுப்பில் கேட்ட ஒரு கணக்கை மறக்காமல் வைத்திருந்த மாணவரின் வேலை இன்னும் முடியவில்லை. வீட்டில் சைக்கிள் பம்பு இருந்தால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.