தொண்டரடிப்பொடியாழ்வார் கண்ட விடியல்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மார்கழி மாதத்து வைகறையில் திருப்பாவைக்கு முன்பாகத் திருப்பள்ளியெழுச்சியை அநுஸந்திக்கிறோம். அதன் பத்துப் பாசுரங்களில் வரும் இயற்கை வர்ணனையை அழகிய முகவுரை என்று எண்ணி, நம்மில் பலர் விரைவாகக் கடந்துவிடுகிறோம். கதிரவன் எழுவதும் இருள் விலகுவதும் எந்தக் கவியும் பாடக்கூடியவைதாமே என்று தோன்றலாம். பாடியவருடைய சரித்திரத்தை உடன் வைத்து நோக்கினால், அவ்வாழ்வாருக்கு விடியல் எத்துணை அரிய பொருள் என்பது விளங்கும்.

சோழநாட்டில் குடந்தைக்கு அருகிலுள்ள திருமண்டங்குடியில், மார்கழிக் கேட்டையில், எம்பெருமானுடைய வனமாலையின் அம்சமாக அவதரித்தவர் விப்ரநாராயணர். வேத சாஸ்திரங்களைக் கற்றுத் தேர்ந்த பின் திருவரங்கம் வந்தவர், பெரிய பெருமாளுடைய திருமேனியழகில் ஈடுபட்டு அங்கேயே தங்கிவிட்டார். பெரியாழ்வாரைப் போலவே இவரும் நந்தவனம் அமைத்து, பூவும் திருத்துழாயும் கொய்து, மாலை கட்டிச் சமர்ப்பிப்பதையே தமக்கு வாழ்வாகக் கொண்டார்.

பூத்தொண்டு செய்பவருக்கு அஸ்தமனமும் உதயமும் வெறும் காட்சிகள் அல்ல, கைங்கர்யத்துக்குரிய காலங்கள். முல்லை அந்தியில் அவிழும். தாமரை கதிர்பட்டு மலரும். எந்தப் பூவுக்கு எந்த நேரம் என்பதைக் கண்ணும் மூக்கும் கையும் அறிந்திருக்க வேண்டும். அவ்வாறு ஒவ்வொரு நாளும் அறிந்து வாழ்ந்தவர் விப்ரநாராயணர்.

அந்த ஒழுங்கு ஒரு கட்டத்தில் குலைந்தது. தேவதேவி என்னும் கணிகை, அவருடைய உறுதியைக் குலைத்துக் காட்டுவதாகச் சபதம் செய்து, நந்தவனத்தில் பணி செய்பவளாக வந்து சேர்ந்தாள். மழை பெய்த ஓர் இரவில் அவளுக்கு உள்ளே இடம் கொடுத்தவர், பிறகு அவள் வசமானார். நந்தவனமும் மாலையும் மறந்தன. கைப்பொருள் தீர்ந்ததும் அவள் அவரை வெளியே தள்ளினாள். அவரோ அவள் வாசலிலேயே கிடந்தார். வைகறையில் பூக்குடலையோடு புறப்பட்டவர், விடிந்ததும் அறியாது கிடந்த நாட்கள் அவை.

அவர் மறந்தாலும் அரங்கன் மறக்கவில்லை. அழகிய மணவாளன் தானே ஓர் ஏவலாளாகச் சென்று, விப்ரநாராயணர் அனுப்பியதாகச் சொல்லித் தன் பொன்வட்டிலைத் தேவதேவியிடம் கொடுத்தான். மறுநாள் வட்டிலைக் காணாமல் தேட, அது அவள் வீட்டில் அகப்பட, பழி விப்ரநாராயணர் மேல் விழுந்து அவர் சிறைப்பட்டார். பெருமாள் அரசனுடைய கனவில் தோன்றி உண்மையை உணர்த்தி விடுவித்தான். விழித்துக்கொண்ட விப்ரநாராயணர், தாம் செய்த பிழைக்குப் பிராயச்சித்தம் என்னவென்று பெரியோரைக் கேட்டு, பாகவதர்களுடைய ஸ்ரீபாத தீர்த்தத்தை ஸ்வீகரித்துச் சுத்தரானார். தொண்டர்களுடைய அடிப்பொடி என்பதே அன்று முதல் அவர் திருநாமமாயிற்று.

அவர் அருளிச்செய்தவை இரண்டு பிரபந்தங்கள்: 45 பாசுரங்கள் கொண்ட திருமாலை, 10 பாசுரங்கள் கொண்ட திருப்பள்ளியெழுச்சி. இரண்டுமே திருவரங்கனுக்கே உரியவை. திருமாலையின் தொடக்கத்தில் ஆழ்வார் மனித வாழ்நாளுக்கு ஒரு கணக்குப் போடுகிறார். 100 ஆண்டு ஆயுள் என்று கொண்டாலும் பாதி உறக்கத்தில் போகும்; எஞ்சிய 50ஐப் பிள்ளைப்பருவமும் பிணியும் பசியும் மூப்பும் பங்கிட்டுக்கொள்ளும். ஆண்டுகள் பல வங்கிக் கணக்கேடுகளோடு காலம் கழித்த நமக்கு, இதைவிடத் தெளிவான வரவு செலவு ஏட்டைக் கண்டதில்லை. உறக்கத்தை இழப்பென்று எழுதியவர், தாமே விடியல்களை இழந்து நின்றவர் அல்லரோ!

இந்நினைவோடு திருப்பள்ளியெழுச்சிக்குள் புகுவோம். கீழ்க்காற்று முல்லையின் மணத்தைச் சுமந்து வருகிறது. அம்முல்லை முந்தைய அந்தியில் அவிழ்ந்தது. கடைசிப் பாசுரத்தில் தாமரை மலர்கிறது. அது அன்றைய கதிரவனால் விரிந்தது. அஸ்தமனத்தின் பூவும் உதயத்தின் பூவும் ஒரே பிரபந்தத்தில் சேர்ந்திருக்கின்றன. இடையில் பனியில் நனைந்த சிறகை உதறும் அன்னம், ஒளி மங்கும் விண்மீன்கள், வெளிறும் நிலா, மணம் வீசும் கமுகம்பாளை, எருமைகளை அவிழ்த்துவிடும் ஆயருடைய குழலோசை, காவிரியில் நீராடிக் கூந்தலைப் பிழிந்து கரையேறும் பெண்கள். இவை வீட்டுக்குள் இருந்து கற்பனை செய்தவை போல் இல்லை. குடலையும் கையுமாக வெளியே நின்றவர் கண்டவையாகவே நமக்குத் தோன்றுகின்றன.

கதிரவன் எழுந்துவிட்டான் என்று முதற்பாசுரத்திலேயே சொல்லியாயிற்று. தேவரும் முனிவரும் வந்து நெருக்கி நிற்கிறார்கள். ஆயினும் ஒவ்வொரு பாசுரத்தின் முடிவிலும் ஆழ்வார் அரங்கனையே பள்ளியெழ வேண்டுகிறார். வானத்தில் விடிந்தாலும், அவன் திருக்கண் மலரும்போதுதான் அடியார்க்கு விடிவு. ஸம்ஸார நித்திரையிலிருந்து தம்மை எழுப்பிய பெருமாளை, கைங்கர்யம் பெறும்பொருட்டு ஆழ்வார் இப்போது எழுப்புகிறார் என்று பூர்வாசார்யர்கள் இதன் கருத்தைக் காட்டியுள்ளார்கள். வாசலில் கிடந்தவருக்காக வட்டிலோடு நடந்தவனுக்குச் செய்யும் கைம்மாறாக இதை நாம் கொள்ளலாம்.

முடிவில் ஆழ்வார் தம்மை நமக்குக் காட்டுகிறார்: தோளில் கூடை, அதில் திருத்துழாய். தேவர் கூட்டத்துக்கு நடுவே பழைய தோட்டக்காரராகவே நிற்கிறார். வேண்டுவதும் பதவியோ மோக்ஷமோ அன்று. தம்மை அடியார்க்கு ஆட்படுத்த வேண்டும் என்பதே.

நம்மில் எவரும் இழந்த காலைகளைத் திரும்பப் பெற முடியாது. நாளைய வைகறை மட்டும் நம் கையில் இருக்கிறது. உலகில் எந்த ஊரில் இருந்தாலும், சாளரத்தைத் திறந்து கிழக்கை நோக்கி இப்பத்துப் பாசுரங்களையும் நிதானமாக அநுஸந்திப்போம்.

தொண்டரடிப்பொடியாழ்வார் திருவடிகளே சரணம்.